எட்மண்ட் பழிவாங்குனது நியாயமா? காவேரிப்பட்டணம் கூட்டத்துல நான் பேசுனது

மேடையில இருக்குற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பந்தலும் மைக்கும் தந்து ஒதவுன கவுன்சிலர் அம்மா அவர்களே, மாங்கா சீசன்லயும் மண்டிய விட்டுட்டு வந்து முன்வரிசையில ஒக்காந்திருக்குற அண்ணன்களே, தென்பெண்ணைக்கு அந்தாண்ட இருந்து பஸ் மாறி வந்த தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். நூலகர் அம்மாவுக்குத் தனி வணக்கம், அவங்க எடுத்துக் குடுத்த புக்கப் பத்திதான் பேச்சே.

மூணு விஷயம் பேசணும். பழி நியாயமா, சட்டம் ஏன் கைவிட்டுச்சு, மன்னிப்புன்னா என்ன.

'தி கவுன்ட் ஆஃப் மான்டி கிறிஸ்டோ', பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமா 1844லருந்து 1846 வரைக்கும் பேப்பர்ல தொடரா எழுதுன நாவல். கதாநாயகன் எட்மண்டுக்கு 19 வயசு, கப்பலுக்கு கேப்டன் ஆகப்போறான், கல்யாணமும் கூடி வந்திருச்சு. பொறாமையில ஒருத்தன் இடது கையால மொட்டக் கடுதாசி எழுதுறான், இன்னொருத்தன் தபால்ல போடுறான், விசாரிச்ச அதிகாரி தன் குடும்பத்தக் காப்பாத்திக்க இவன தீவு ஜெயில்ல தள்ளிடுறான். 14 வருஷம்! வெளிய வந்தா அப்பா பட்டினியில செத்துட்டாரு. இவன் பழிவாங்காம எவன் வாங்குவான்னுதான் நானும் மொதல்ல நெனச்சேன். ஆனா எங்க பாட்டி சொல்லும், பொறுத்தார் பூமி ஆள்வார், பொங்கினார் காடாள்வார்.

எங்க வீட்டுக் கதைய சொல்றேன். பெரியப்பாவுக்கும் எங்களுக்கும் கெணத்துல பங்கு. கரண்ட் வர்றப்ப யாரு மோட்டார் போடுறதுன்னு தகராறு. ஒரு தடவ எங்க முறையில அவரு ஃபீஸ் கட்டைய புடுங்கிட்டுப் போயிட்டாரு, நெல்லு காஞ்சிருச்சு. சித்தப்பா ஒரு வாரம் யார்கிட்டயும் பேசல. அப்புறம் ஒரு ராத்திரி திண்ணையில அருவா தீட்டுற சத்தம், எனக்கு பன்னெண்டு வயசு, பாய்ல படுத்துக்கிட்டு கேட்டேன், யார்கிட்டயும் சொல்லல. விடிஞ்சா பெரியப்பா தோட்டத்துல நாப்பது செந்தூரா ஒட்டுக்கன்னு இடுப்பளவுல வெட்டிக் கெடக்குது, வெட்டுவாயில பால் வடிஞ்சு எறும்பு மொய்க்குது. அடுத்த வருஷம் காய்ப்புக்கு வரவேண்டியதுங்க! அத நம்பித்தான் பெரியப்பா மகளான அக்காவ மேல படிக்க வைக்கலாம்னு இருந்தாங்க. அக்கா பத்தாவதோட நின்னு மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போச்சு. எனக்கு பின்னம் சொல்லிக்குடுத்த அக்கா, அது எங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?

நாவல்லயும் அதேதான். அந்த அதிகாரி பொண்டாட்டி சொத்துக்காக விஷம் வைக்குது, விஷத்தப் பத்தி அந்தம்மாகிட்ட வெவரமா பேசுனதே எட்மண்டுதான். கடைசியில அந்தம்மா தன் சின்னப் பையனுக்கும் குடுத்து தானும் சாவுது. அந்தப் பையன் பொணத்தப் பாத்த பின்னாடிதான் எட்மண்டுக்கே தான் செய்றது சரியான்னு ஆடிப்போகுது, மிச்சமிருந்த ஒருத்தன பட்டினி போட்டதோட உசுரோட விட்டுடுறான். அந்த மூணு பேருக்கும் தண்டனை வேணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா பழி அடுத்த வீட்டுப் புள்ள மேல விழுதுன்னா அது நியாயம் இல்லீங்க. பொறுத்தார் பூமி ஆள்வார்.

இன்னொண்ணு. எட்மண்ட கிழிஞ்ச சாக்கா இல்லாம மனுசனா ஆக்குனது வெளிய வந்தப்புறம் அவனுக்குக் கெடச்ச புதையல் இல்ல, ஜெயில்ல பக்கத்து அறையில இருந்த ஃபரியா பாதிரியார். கணக்கு, வரலாறு, பல மொழின்னு ஜெயில் இருட்டுலயே சொல்லிக்குடுத்தாரு. நம்ம புள்ளைங்க ஸ்கூல் விட்டு, வீட்டு வேலை முடிச்சு வர்றப்ப நூலகம் பூட்டியிருக்குது. ராத்திரி எட்டு மணி வரைக்கும் தொறந்து வைக்கணும், அதுக்குத்தான் இந்த மனு. ஃபேக்டரி ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்ற பொண்ணுங்களும் படிக்கட்டும். சட்டத்தப் பத்தியும் மன்னிப்பப் பத்தியும் பேச நேரமில்ல, தலைவர் மணி அடிச்சுட்டாரு. நோட்டு வாசல் மேசை மேல இருக்கு, பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கோம். மொதல் கையெழுத்து எங்க அக்காவோடது.