மனம் ஒட்டாத வேலையும் பன்னிரண்டு நாற்காலிகளும்
(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, வணக்கம்.

வேலையில் இருந்துகொண்டே அதில் மனம் ஒட்டாமல் தவிப்பவர்களுக்காக நம் ஊரில் ஒரு வட்டம் தொடங்கலாமா என்று நூலகர் கேட்டிருக்கிறார். வேலை தேடுவோருக்கு ஓரளவேனும் ஏற்பாடு உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாகவே பயிற்சி தருகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடுகிற, ஆனால் ஞாயிறு மாலை ஆனாலே முகம் வாடிப்போகிற மனிதருக்குத்தான் போக இடமில்லை. வீட்டில் வாய் திறந்தால், "இருக்கிற வேலையைக் காப்பாற்றிக்கொள்" என்பார்கள். அலுவலகத்தில் சொன்னாலோ மாலைக்குள் மேலாளர் காதுக்குப் போய்விடும்.

இத்தகைய வட்டம் புதிய கற்பனை அன்று. 1727ஆம் ஆண்டில், 21 வயது அச்சுத் தொழிலாளியாக இருந்த, பின்னாளில் அரசியல் தலைவராகவும் அறிவியலாளராகவும் புகழ்பெற்ற பெஞ்சமின் பிராங்க்ளின், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 'ஜுண்டோ' என்ற பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடிய அந்தக் குழுவில் கண்ணாடி பதிப்பவர், தச்சர், நில அளவையர், வணிகரிடம் கணக்கு எழுதியவர் எனப் பல தொழிலினரும் இருந்தார்கள். செருப்புத் தைக்கப் பழகி, படிப்பார்வத்தால் கணிதம் கற்ற ஒருவரும் அதில் இருந்தார். அவர் பின்னாளில், அந்நகரம் அடங்கிய பென்சில்வேனியா குடியேற்றத்தின் தலைமை நில அளவையாளர் ஆனார். குழுதான் அவரை உயர்த்தியது என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய படிப்பார்வத்தை வேடிக்கையாகப் பார்க்காத ஓர் அவை அவருக்கு வாய்த்திருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

அந்தக் குழுவின் நடைமுறைதான் நமக்குப் பாடம். அவர்களிடம் 24 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. அண்மையில் தொழிலில் நொடித்துப்போனவர் யார், காரணமாக என்ன கேள்விப்பட்டீர்கள்? நன்றாக முன்னேறுகிறவர் யார், எந்த வழியில்? நீங்கள் யாருடைய நட்பை விரும்புகிறீர்கள், அதை நாங்கள் பெற்றுத்தர முடியுமா? ஒவ்வொன்றும் பதில் சொல்லக்கூடிய கேள்வி என்பதைக் கவனியுங்கள். 'இதுதான் சரி' என்று அடித்துப் பேசுவதற்கு அங்கே தடை இருந்தது. மீறினால் சிறு அபராதமும் உண்டு. நம் ஊரில் அந்த அபராதத்தை வசூலித்தால் ஓராண்டில் நூலகத்துக்குப் புதுக் கட்டடமே கட்டிவிடலாம்.

ஆறுதல் சொல்வதையும் அறிவுரை வழங்குவதையும் நம் வட்டம் தன் வேலையாகக் கொள்ளக் கூடாது என்பதே என் கருத்து. கேள்வி கேட்க வேண்டும், சிறு சோதனை ஒன்றைக் கொடுத்து அனுப்ப வேண்டும், அடுத்த கூட்டத்தில் நடந்ததைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர் ஆசிரியராக விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலையை விட்டுவிட்டு இரண்டாண்டு பி.எட். படிப்பில் சேர்வதற்கு முன், தெருவிலுள்ள நான்கு பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மாதம் பின்னக் கணக்குச் சொல்லித் தரட்டும். மூன்றாம் முறையும் புரியாமல் விழிக்கும் பிள்ளையிடம் தமக்கு எரிச்சல் வருகிறதா, வேறு வழியில் சொல்லிப் பார்க்கத் தோன்றுகிறதா என்பதை அவரே கண்டுகொள்வார். அதை நாம் இங்கே உட்கார்ந்து சொல்லிவிட முடியாது. விலகல் கடிதத்தோடு வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை ஆண்டு ஆயிற்று?" என்பது. ஐந்தாண்டுத் தொடர்பணியே பணிக்கொடைக்குப் பொதுவிதியாக இருக்க, நான்காண்டு முடித்தவர் ஒரு நாள் கசப்பில் அதை இழந்துவிடக் கூடாது.

யாரைச் சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஒரே அலுவலகத்தார் இருவர் வேண்டாம். பேச்சு வெளியே போகும் என்ற அச்சம் ஒரு காரணம், வலுவான காரணம் வேறு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், அந்நாட்டின் பாஸ்டன் நகரை ஒட்டிய ஒரு புறநகரில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களை விசாரித்து 1973இல் எழுதினார். வழிகாட்டியவரை அடிக்கடி சந்தித்து வந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். எப்போதாவது சந்தித்தவர்கள் 56. அபூர்வமாகச் சந்தித்தவர்கள் 28. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கிறது. தூரத்து அறிமுகம்தான் புதுச் செய்தி கொண்டுவருகிறது. ஆகவே செவிலியரும் மின்வாரிய ஊழியரும் பின்னலாடை நிறுவன மேற்பார்வையாளரும் ஒரே மேசையில் அமர்வது நல்லது.

எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். ஜுண்டோவிலும் நண்பர்களைச் சேர்க்க ஆசை எழுந்தபோது பிராங்க்ளின் மறுத்து, அவரவர் தனித்தனியே குழு தொடங்கட்டும் என்றார். ஐந்தாறு குழுக்கள் அப்படி உருவாயின. பதினைந்து நாளுக்கொரு முறை, ஒன்றரை மணி நேரம், ஒரு கூட்டத்தில் இருவருடைய நிலையை மட்டும் விரிவாகக் கேட்பது போதும். பெண்கள் வர முடிகிற நேரமாக, மாலை ஆறரைக்குள் முடியும்படி அமைய வேண்டும். வாட்ஸ்அப் குழு கூட்ட அறிவிப்புக்கு மட்டுமே. காலை வணக்கப் படங்கள் வரத் தொடங்கினால் அதை மூடிவிடலாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மனக்குறையோடு பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள் என்று தெரிந்தால் சங்கிலித் தொடர் வணிகக்காரர்களும் வெளிநாட்டு வேலைத் தரகர்களும் தேடி வருவார்கள். இங்கே எவரும் எவருக்கும் எதையும் விற்கக் கூடாது என்ற விதியை முதல் நாளே எழுதி வைத்து, மீறுகிறவரை அன்றே விலக்கிவிட வேண்டும். அதிலே தாட்சண்யம் பார்த்தால் வட்டம் இரண்டு மாதம் தாங்காது.

நூலகத்தின் மாடி அறை ஞாயிறு மாலைகளில் கிடைக்கும் என்று நூலகர் உறுதியளித்திருக்கிறார். வர விரும்புகிறவர்கள் அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்: சென்ற வாரம் எந்த வேலையைச் செய்கையில் நேரம் போனது தெரியவில்லை, எதைச் செய்ய நேர்ந்தபோது கடிகாரத்தைப் பார்த்தீர்கள், வருமானம் நின்றால் எத்தனை மாதம் வீடு ஓடும். நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டியதில்லை.