எந்தச் சொல்லில் நின்றீர்கள்?

(திருகோணமலையில் கவிதை வாசிப்பு அமர்வொன்றில் ஆற்றிய உரை)

அவையோருக்கு வணக்கம்.

வாசித்த கவிதையைப் பற்றிக் கேட்டால் "நல்ல கவிதை, மனதைத் தொட்டது" என்று எழுதித் தருபவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வரி எந்தக் கவிதைக்கும் பொருந்தும். தொட்டது எந்தச் சொல் என்று காட்டுங்கள். அப்போதுதான் அது உங்கள் வாசிப்பு.

உரையைத் தேட முன் மூன்று முறை உரக்க வாசியுங்கள். கோணேசர் மலையில் நின்று 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்' என்ற சம்பந்தர் அடியைச் சொல்லிப் பாருங்கள், அலை வாய்க்குள்ளேயே புரளும். பிறகு உங்களை மறித்த ஒரு சொல்லின்கீழ் பென்சிலால் கோடு. அதற்குப் பிறகே அகராதி.

புறநானூறு 164ஐ எடுப்போம். புலவர் பெருந்தலைச் சாத்தனார் வள்ளல் குமணனிடம் தன் வீட்டு நிலையைச் சொல்கிறார்: 'ஆடுநனி மறந்த கோடுயர் அடுப்பின் ஆம்பி பூப்ப'. 'ஆடு' என்றதும் விலங்கை நினைத்துப் பலர் வழுக்குவது இங்கேதான். இது அடுதல், அதாவது சமைத்தல். சமைப்பதையே மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. காளான் முளைக்க ஈரம் வேண்டும், சூடு படாத நாட்கள் வேண்டும். எத்தனை நாள் பட்டினி என்று புலவர் சொல்லவில்லை, காளான் சொல்லிவிடுகிறது. பிறகு 'நோக்கி' இருமுறை வருகிறது. வற்றிய முலையைச் சுவைத்துச் சுவைத்து அழும் பிள்ளையின் முகத்தைத் தாய் நோக்குகிறாள். கண்ணீர் நிறைந்த அவளைக் கணவன் நோக்குகிறான். அந்தப் பார்வைதான் அவனைக் குமணனிடம் தள்ளுகிறது.

இடம்பெயர்ந்து திரும்பி, அடுப்படியில் புல் முளைத்திருக்கக் கண்டவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர்! அவர்கள் 'ஆம்பி'யில் நின்றால் அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் காளானை விட்டுவிட்டு இடப்பெயர்வை மட்டும் இரண்டு பக்கம் எழுதினால் கவிதை கைநழுவிப் போகும். நான்கு வரி கவிதையைப் பற்றி, இரண்டு வரி உங்களைப் பற்றி, மறுபடி கவிதைக்கு. இந்த அளவு போதும்.

காதலுக்குக் குறுந்தொகை 40. இரு நெஞ்சங்கள் பிரிக்க முடியாமல் கலந்ததற்கு உவமையான 'செம்புலப் பெயல்நீர்' எல்லாருக்கும் மனப்பாடம், அதனாலேயே யாரும் நின்று பார்ப்பதில்லை. செம்பாட்டு மண்ணில் ஓடிய மழைநீரைத் தம்ளரில் எடுத்து வைத்தால் மண் அடியில் படியுமே என்று ஒரு பிள்ளை கேட்டால் தட்டிவிடாதீர்கள். நல்ல கேள்வி. விடை 'பெயல்' என்ற சொல்லில் இருக்கிறது: எடுத்து வைத்த நீரல்ல, பெய்துகொண்டிருக்கும் நீர்.

விடாமுயற்சிக்குக் குறள் 619. 'முயற்சி வெற்றி தரும்' என்று பொருள் எழுதுகிறார்கள். குறளில் வெற்றி இல்லை. 'மெய்வருத்தக் கூலி' இருக்கிறது. கரைவலை இழுத்தவர்களுக்கு வெறும் வலை வந்த நாட்களும் தெரியும். அன்றைய கூலி எங்கே என்று வள்ளுவரோடு வாதாடுங்கள். அதுவும் வாசிப்புத்தான்.

தாள்களை எடுங்கள். 164ஐ இப்போது உரக்க வாசிக்கப் போகிறேன். பென்சில் கையில் இருக்கட்டும்.