மாநாட்டில் மாலை கலைநிகழ்ச்சி வைக்கலாமா?

சரி, அடுத்த கேள்வி. ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்கள்: "எங்கள் வாலிபர் மாநாடு மூன்று நாள் நடக்கிறது. பகல் முழுவதும் செய்தி, ஜெபம். மாலையானால் ஸ்கிட், விளையாட்டு, நகைச்சுவை என்று இரண்டு மணி நேரம் போகிறது. தேவனைத் தேடி வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு? ஜனங்கள் புசித்துக் குடித்து விளையாட எழுந்தார்கள் என்று யாத்திராகமம் 32-ல் கண்டித்துத்தானே எழுதியிருக்கிறது?"

அந்த வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். அங்கே நடுவில் இஸ்ரவேலர் தெய்வமென்று வணங்கின ஒரு பொன் கன்றுக்குட்டி நிற்கிறது, சகோதரி. அதற்குத்தான் பண்டிகை. பவுலும் 1 கொரிந்தியர் 10:7-ல் விக்கிரகாராதனையை எச்சரிக்கத்தான் இந்த வசனத்தை எடுக்கிறார். அதே யாத்திராகமம் 15-ல் மிரியாம் தம்புரு எடுத்துக்கொண்டு போகிறாள், ஸ்திரீகள் நடனத்தோடு பின்னால் போகிறார்கள். அதை யாரும் குறை சொல்லவில்லை. சகரியா 8:5-ஐப் பாருங்கள். எருசலேம் மறுபடி எழும்பும்போது வீதியெல்லாம் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்று வாக்குத்தத்தமாகவே இருக்கிறது.

நம் மாநாட்டுக்கு ரொம்ப நெருக்கமான அதிகாரம் நெகேமியா 8. காலையிலிருந்து மத்தியானம் வரை வேதம் வாசிக்கிறார்கள், ஜனங்கள் கேட்டு அழுகிறார்கள். "இன்னும் கொஞ்சம் அழுங்கள்" என்று ஜனங்களை நடத்தின எஸ்றாவும் நெகேமியாவும் சொல்லவில்லை. போய்ச் சாப்பிடுங்கள், சந்தோஷமாயிருங்கள், ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்கிறார்கள். உட்கார்ந்து கேட்பதற்கும் ஒரு அளவு உண்டு. பவுலே நடுராத்திரி வரை பேசினபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான்! பவுல் அவனை உயிரோடு எழுப்பினார். நாம் அப்படி எழுப்ப முடியாது, அதனால் செய்தியைச் சீக்கிரம் முடிப்பது நல்லது.

ஆனால் உங்கள் மனதில் இருக்கிற உறுத்தல் வீணானது என்று நான் சொல்லமாட்டேன். நான் போயிருந்த ஒரு முகாமில் நடந்தது இது. நாக்குப் பிறழாமல் ஒரு வாக்கியத்தை வேகமாகச் சொல்ல வேண்டும், அதுதான் விளையாட்டு. மைக் பிடித்தவர் கூட்டத்திலிருந்து ஒரு தம்பியைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வந்துவிட்டார். அந்தத் தம்பிக்குத் திக்குவாய். முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டான். கூட்டம் சிரித்தது, மைக் பிடித்தவரும் சிரித்துவிட்டு "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்றார். மறுநாள் காலை வேத ஆராய்ச்சிக் குழுவில் அந்தத் தம்பி இல்லை. வாசலில் செருப்புகள் கிடக்கிற இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்கு எனக்கு நியாயாதிபதிகள் 16 ஞாபகம் வந்தது. அங்கே இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தருக்கும் பண்டிகை நாள். மனம் சந்தோஷமானதும், வேடிக்கை காட்ட, தாங்கள் பிடித்து வைத்திருந்த இஸ்ரவேலின் பலசாலி சிம்சோனைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். கண் பிடுங்கப்பட்டவனைச் சிறையிலிருந்து கூட்டிவந்து நிறுத்தினார்கள். மாடியில் மட்டும் ஏறக்குறைய மூவாயிரம் பேர் நின்று பார்த்தார்கள். நெகேமியாவின் பண்டிகையில் இல்லாதவனுக்குப் பங்கு போனது. இந்தப் பண்டிகையிலோ குருடனான கைதியே வேடிக்கைப் பொருள். உங்கள் மாநாட்டுச் சிரிப்பு இதில் எந்தப் பக்கம் என்று பாருங்கள். எபேசியர் 5:4 பரியாசத்தைத் தகாதது என்கிறதே, அது இந்த இடத்துக்குப் பொருந்தும்.

அதனால் நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். நடத்துகிறவர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். மேடைக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டீர்களா? ஸ்கிட்டை யாராவது பெரியவர்கள் ஒருமுறை பார்த்தார்களா? ஒருவருடைய நிறத்தையும் உடம்பையும் வைத்து எழுதின கிண்டல் வரி பெரும்பாலும் கடைசி நேர அவசரத்தில்தான் உள்ளே நுழைகிறது. அப்புறம் நேரம். ராத்திரி பதினொன்றரை வரை இழுத்தால் காலை ஆறு மணி ஜெபத்துக்கு நாற்காலிகள்தான் வரும்.

உங்களுக்கு அந்த நேரத்தில் அமைதியாக இருக்கத் தோன்றினால், அறைக்குப் போய் ஜெபியுங்கள். யாரும் உங்களை வற்புறுத்தக்கூடாது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வெளியே வந்து எல்லாரோடும் உட்காருங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.