அந்தக் கோப்ளினுக்கு அது எப்படித் தெரியும்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டு. அதில் ஆறு கோப்ளின்கள், அதாவது குட்டிப் பூதங்கள், புதரிலிருந்து குதிக்கின்றன. வாளும் கேடயமுமாக வழியை மறித்து நிற்கிற ஃபைட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்னால் அழுக்கு அங்கியில் நிற்கிற ஒல்லியான ஆளை நோக்கி ஆறும் ஓடுகின்றன. அவர்தான் விஸார்ட், அதாவது மந்திரவாதி, அவருக்குத்தான் ஹிட் பாயிண்ட், அடி தாங்குகிற உயிர்ப் புள்ளி, குறைவு. இது கோப்ளினுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆட்டத்தை நடத்தி எதிரிகளை ஆட்டுவிக்கிற டி.எம்.முக்குத் தெரியும்!

வணக்கம் மக்களே. நான் டி.எம். ஆன முதல் மாதத்தில் இதையேதான் செய்தேன். விஸார்டாக ஆடிய தோழி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அதுங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலுக்குத்தான் இந்த வீடியோ.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது 1974இல், உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன். நான் பேசப்போவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகள். வரலாறு இவ்வளவு போதும்.

எதிரிக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும் என்றால் அது கண்ணால் பார்த்திருக்க வேண்டும், இல்லை யாராவது போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பார்த்தது எவ்வளவு புரியும் என்பதற்கு எதிரிகளின் விவரப் புத்தகமான மான்ஸ்டர் மேனுவலில் எண்ணே இருக்கிறது. கோப்ளினுக்குப் புத்தி 10, சாதாரண ஊர்க்காரனுக்கு எவ்வளவோ அவ்வளவு, அதை முட்டாளாக ஆடாதீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஓநாய்க்கும் ஜாம்பிக்கும் புத்தி ஒன்றுதான், இரண்டுக்கும் 3! ஆனால் விஸ்டம், அதாவது சுற்றி நடப்பதை உணர்கிற திறன், ஓநாய்க்கு 12, ஜாம்பிக்கு 6. கூட்டாளி தீயில் கருகியதைப் பார்த்த ஓநாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும், ஜாம்பி அதே தீக்குள் நடந்து வரும்.

சரி, இப்போது ஒரே ஒரு ஸ்பெல்லை, அதாவது மந்திரத்தை, எடுத்துக்கொள்வோம், விழுந்தவரை எழுப்புகிற ஹீலிங் வேர்டு. முதல் லெவல் ஸ்பெல்தான், முக்கியச் செயலுக்கு மேல் கூடுதலாகச் செய்கிற போனஸ் ஆக்‌ஷன், 60 அடி தூரத்திலிருந்தே போடலாம். முதல் ரவுண்டில் ஃபைட்டர் விழுகிறார். கோப்ளின் என்ன நினைக்கும்? செத்துவிட்டான் என்று நினைக்கும், அடுத்த ஆளிடம் போகும். அங்கேயே நின்று விழுந்தவரைக் குத்தினால், அஞ்சு அடிக்குள்ளிருந்து படுகிற அடி ஒவ்வொன்றும் கிரிட்டிக்கல், அதாவது பலத்த அடி. சாகாமல் பிழைக்க உருட்டுகிற டெத் சேவில் மூன்று தோற்றால் சாவு, அதில் இரண்டு ஒரே குத்தில் போய்விடும். முதல் தடவையே அப்படிக் குத்துகிற கோப்ளின் விதிப்புத்தகம் படித்த கோப்ளின். ஆனால் பின்னாலிருந்து, குணப்படுத்துகிற பூசாரியான கிளெரிக் ஏதோ ஒரு சொல்லைக் கத்துகிறார், பிணம் என்று நினைத்தது எழுந்து வாளைத் தூக்குகிறது. இந்த ஸ்பெல்லுக்குக் குரல் மட்டும்தான் வேண்டும், ஆக அந்தச் சொல் கோப்ளின் காதிலும் விழுந்திருக்கிறது. அங்கே ஒரு நொடி ஆட்டத்தை நிறுத்தி, அந்தக் கோப்ளின் மெதுவாகக் கிளெரிக் பக்கம் தலையைத் திருப்புகிறது என்று சொல்லிப் பாருங்கள். மேசையே அமைதியாகிவிடும். அதற்கப்புறம் அம்பெல்லாம் கிளெரிக்கை நோக்கிப் பறந்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள், ஏனென்றால் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

அடுத்து, பெரிய எதிரிகள். செத்தும் சாகாத மந்திரவாதியான லிச்சுக்குப் புத்தி 20, அடுத்தவர் ஸ்பெல்லைப் பாதியில் வெட்டிவிடுகிற கவுன்டர்ஸ்பெல்லும் கையில் உண்டு. ஆட்டக்காரர் "ஃபயர்பால் போடுகிறேன்" என்றதும் அந்தப் பெரிய தீ ஸ்பெல்லை நாம் வெட்டிவிடுகிறோம், சின்ன ஸ்பெல் என்றால் விட்டுவிடுகிறோம். ஸ்பெல்லின் பெயர் லிச் காதில் விழவில்லை, நம் காதில்தான் விழுந்தது. 2017இல் வந்த ஸானதார்ஸ் கைடு என்ற கூடுதல் விதிப்புத்தகத்தில் இதற்கு விதி இருக்கிறது. ஓதும்போதே இன்ன ஸ்பெல் என்று கண்டுபிடிக்க, ரவுண்டுக்கு ஒரு தடவை மட்டும் கிடைக்கிற ரியாக்‌ஷனைச் செலவழித்து மந்திர அறிவான ஆர்கானாவுக்குப் பகடை உருட்ட வேண்டும், தேவையான எண் 15உடன் ஸ்பெல்லின் லெவலைக் கூட்டியது, ஃபயர்பாலுக்கு 18. வெட்டுவதற்கும் அதே ரியாக்‌ஷன்தான். ஆக, ஒரே ஆள் கண்டுபிடித்துவிட்டு வெட்ட முடியாது, குருட்டாம்போக்கில்தான் வெட்ட வேண்டும். என் மேசையில் "ஒரு ஸ்பெல் போடுகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டக்காரர் காத்திருப்பார், நானும் எதிரிக்காக அப்படியே செய்வேன். இந்த வீடியோவிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துப்போவதென்றால் இதை எடுத்துப்போங்கள்.

ஷீல்டு, கான்சன்ட்ரேஷன் மாதிரி மற்ற ஸ்பெல் விஷயங்களெல்லாம் தனி வீடியோ, வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள்.

கடைசியாக, தப்பித்து ஓடியவன். ஒரு ஃபயர்பாலில் ஐந்து கோப்ளின்கள் கருகி, ஆறாவது காட்டுக்குள் ஓடியது. துரத்தலாமா என்று கேட்டேன், "போகட்டும் விடு" என்றார்கள். அடுத்த வாரம் குகை வாசலுக்கு வந்தால், கோப்ளின்கள் கும்பலாக நிற்கவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனிப் பாறைக்குப் பின்னால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 40 அடிக்கு மேல் இடைவெளி. ஃபயர்பாலின் ஆரம் 20 அடி. வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்த அதே தோழி, மேசையைத் தட்டிக் கத்தினாள்: "அவன் போய்ச் சொல்லிட்டான்!"