ஐஸ் கேப்பின் இன்னொரு மெட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

சேகாவின் மெகா டிரைவ் என்ற கேம் கன்சோலில் 1994-இல் வந்த சோனிக் 3 விளையாட்டை ஆடியவர்களுக்கு, ஐஸ் கேப் கட்டத்தின் இசை இன்றும் காதில் நிற்கும். அதே விளையாட்டை சேகா 1997-இல் ‘சோனிக் அண்ட் நக்கிள்ஸ் கலெக்‌ஷன்’ என்ற குறுந்தகடாக விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தது. ஐஸ் கேப், கார்னிவல் நைட், லாஞ்ச் பேஸ் மூன்று கட்டங்களிலும் அதில் ஒலிப்பது வேறு மெட்டு. பழைய இசையில் ஏதோ உரிமைச் சிக்கல், அதனால் கடைசி நேரத்தில் போட்ட ஒட்டு இது என்றுதான் ரசிகர்கள் வெகுகாலம் நினைத்தார்கள்.

2019-இல், சோனிக் 3-இன் 1993 நவம்பர் 3 தேதியிட்ட சோதனைப் பதிப்பு ஒன்று வெளியே வந்தது. அதில் இதே மெட்டுகள் மெகா டிரைவின் ஒலிச் சில்லிலேயே வாசிக்கப்படுகின்றன! ஒட்டு என்று ஒதுக்கியதுதான் முதலில் எழுதப்பட்டது. இத்தனை வருஷமும் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது யாரும் மதிக்காத அந்தக் குறுந்தகடு. 2022-இல் சேகா வெளியிட்ட சோனிக் ஆரிஜின்ஸ் என்ற பழைய விளையாட்டுகளின் தொகுப்பிலும் இந்த மெட்டுகளே இடம்பெற்றன.

அப்படியிருந்தும் கணினிப் பதிப்பின் இசைக்கு ஏன் கெட்ட பெயர்? அது மிடி. மிடி கோப்பில் ஒலி கிடையாது. எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம், எந்த வாத்தியம் என்ற குறிப்பு மட்டும்தான். வாசிப்பது உங்கள் கணினி. மெகா டிரைவின் ஒய்எம்2612 சில்லில் ஆறு தடங்கள். ஆறாவதில் பதிவு செய்த டிரம் ஒலியை அப்படியே ஓட்டலாம். சோனிக் 3-இன் தாளத்துக்கு அந்த அடி வந்தது அதனால்தான். மிடியில் அந்தப் பதிவு வராது. வாசிக்கும் கருவியில் என்ன டிரம் இருக்கிறதோ அதுதான் கேட்கும். விண்டோஸோடு வரும் வாத்தியத் தொகுப்பு மொத்தமே சுமார் 3 எம்பி. தகரம் தட்டுகிற மாதிரி இருப்பதில் ஆச்சரியமில்லை.

இதைச் சரிசெய்ய வழி உண்டு. விர்ச்சுவல்மிடிசிந்த் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். 30 எம்பி அளவுள்ள நல்ல சவுண்ட்ஃபான்ட் கோப்பு (பதிவு செய்த வாத்திய ஒலிகளின் தொகுப்பு) ஒன்றை அதில் சேர்த்து, அந்த மென்பொருளையே கணினியின் மிடி வெளியீடாக வையுங்கள். விளையாட்டில் எஃப்எம் (சில்லே ஒலியை உருவாக்கும் முறை), ஜெனரல் மிடி (பொதுவான வாத்தியப் பட்டியலை நம்பியது) என இரண்டு இசைக் கோர்ப்புகள் இருக்கின்றன. ஜெனரல் மிடியை எடுங்கள். எஃப்எம் கோர்ப்பு அந்தக் காலத்து மலிவான சவுண்ட் கார்டுகளுக்கானது, சவுண்ட்ஃபான்ட்டில் எடுபடாது.

இன்னும் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வீர்கள். விளையாட்டைக் கணினியில் ஏற்றும் அந்தக் காலத்து நிறுவிகள் பெரும்பாலும் 16 பிட். 64 பிட் விண்டோஸில் அவை அசையவே அசையாது. தகட்டில் கோப்புகள் திறந்தபடி இருந்தால் அப்படியே ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து, அங்கிருந்தே ஓட்டிப் பாருங்கள். அடுத்தது நிறம். விளையாட்டு 256 நிறங்களை நம்பி எழுதப்பட்டது. புதிய விண்டோஸில் நிறம் சிதறினாலோ படம் இழுத்து இழுத்து நகர்ந்தாலோ, சிஎன்சி-டிடிரா என்ற இலவசத் தொகுப்பைப் பிரித்து, அதிலுள்ள கோப்புகளை விளையாட்டின் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள். வேறு ஃபோல்டரில் வைத்தால் விண்டோஸ் திரையில் படம் காட்டும் தன்னுடைய பழைய டிடிரா கோப்பையே எடுத்துக்கொள்ளும்.

நன்றி, வணக்கம்.