ஹினோவா, இசுசுவா? லோரிக்காரர்களின் காசைக் குடிக்கும் உண்மையான ஆள் இதுதான்!

(திரையில்: செம்பனைக் குலை ஏற்றிய லோரி, செம்மண் சாலை)

வணக்கம் மக்களே! சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில், நம் பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், நாலு லோரிக்காரர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். ஹினோவா, இசுசுவா என்று சண்டை கிளம்பிவிடும். தே தாரிக் ஆறிப்போகும், சண்டை ஆறாது. என்னைக் கேட்டால் இரண்டுமே நல்ல வண்டி. காசு கரைவது டீசல் டேங்குக்கும் இஞ்சினுக்கும் நடுவே, டீசலில் கலந்த தண்ணீரைப் பிரித்துப் பிடித்து வைக்கும் ஒரு சின்னக் கிண்ணத்தில்.

டயர், பிரேக், ஒடிந்த ஸ்பிரிங் பட்டை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாகனச் சோதனை: இந்தச் செலவெல்லாம் உங்களுக்கே அத்துப்படி. விடுங்கள்.

இஞ்சினுக்கு வருவோம். "பழைய பம்பு இஞ்சின் என்றால் எந்தப் பட்டறையிலும் பிரித்து மாட்டலாம்ணே" என்பது ஒரு கட்சி. "காமன் ரெயில்தான் டீசல் மிச்சம் பிடிக்கும், மேட்டில் இழுக்கும்" என்பது மறு கட்சி. இரண்டும் உண்மை. ஆனால் காமன் ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில், டீசல் 1,600 பார் அழுத்தத்தில் பாய்கிறது. கார் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான்! அவ்வளவு அழுத்தத்தில், முடியைவிட மெல்லிய இடுக்கில் வேலை செய்து, டீசலை இஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும்? துரு, தேய்மானம், அப்புறம் வயிற்றைக் கலக்கும் பில்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 2019 முதல் நம் நாட்டில் வண்டிகளுக்கு பி10 டீசல் வந்தது. அதில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல். அதாவது நீங்கள் ஆலையில் கொட்டிய குலை, உங்கள் டேங்குக்கே திரும்பி வருகிறது! அதைத் திட்டாதீர்கள், பம்புக்கு நல்ல மசகு அது. ஆனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் படிந்த பழைய அழுக்கையும் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். திருட்டுக்குப் பயந்து நம் ஆட்கள் ராத்திரியில் டேங்கைக் காலியாக வைக்கிறார்கள். பயம் நியாயம்தான். ஆனால் காலி இடத்தில் இருக்கும் காற்று விடியற்காலைக் குளிரில் வியர்த்து, டேங்குக்குள்ளேயே சொட்டுகிறது.

(திரையில்: கிண்ணத்தின் நெருக்கக் காட்சி)

காலையில் சாவி போடுவதற்கு முன்னால், கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். ராத்திரி முழுக்க அடியில் தங்கிய தண்ணீர்தான் முதலில் வரும். கறுப்பாக, வழவழவென்று ஏதாவது வந்தால் டேங்கையே கழுவ வேண்டிய நேரம். சுத்தமான டீசல் வந்ததும் திருகை இறுக்கி, கைப்பம்பைக் கெட்டியாகும் வரை அமுக்குங்கள். வேலை முடிந்தது!

இதில் சோம்பல் வேண்டாம் மக்களே. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆனபோது, மானிய விலை டீசலுக்கான சலுகை அட்டை இல்லாதவர்கள் பட்ட பாடு தெரியும். அதோடு, வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலை சேர வேண்டும். வண்டி வழியில் நின்றால் பழத்தில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். பட்டறைக்கும் கட்டணும், குலைக்கும் நட்டம்.

உங்கள் பாட்டிலில் என்ன வந்தது? படம் பிடித்துக் கீழே போடுங்கள். ஹினோவா, இசுசுவா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்!