டி.ஐ.யில் பார்த்துக்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

படப்பிடிப்புத் தளத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு, "டி.ஐ.யில் பார்த்துக்கலாம், அடுத்த ஷாட் போங்க!" டி.ஐ. என்றால், படம் எடுத்து முடித்த பிறகு கணினியில் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் வேலை. அப்படித் தள்ளிவைப்பது சில நேரம் சரியான முடிவுதான். பின்னால் சுவர் கொஞ்சம் பளிச்சென்று தெரிகிறதா? அங்கே நிறம் சரிசெய்யும் கலரிஸ்ட், அந்த இடத்தை மட்டும் தனியாகப் பிரிக்கும் ஒரு மாஸ்க் போட்டு இரண்டு நிமிடத்தில் அடக்கிவிடுவார். அதற்காக மொத்த யூனிட்டையும் நிறுத்திவைப்பது வீண்.

ஆனால் சென்சாரில் பதிவாகாததை யாராலும் பிறகு கொண்டுவர முடியாது. ஜன்னலுக்கு வெளியே வானம் வெளுத்து, மூன்று நிறச் சேனல்களும் நிரம்பிவிட்டால் அங்கே மேகம் கிடையாது. சென்சார் தந்ததை அப்படியே பதியும் ரா ஃபார்மட்டில் எடுத்திருந்தாலும் கிடையாது. ஜன்னல் கண்ணாடியில் என்.டி. ஜெல் (நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் தாள்) ஒட்டுங்கள், அல்லது உள்ளே வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையைக் குறையுங்கள். ஃபோகஸ் தவறினாலும் இதே கதைதான்.

வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸ் கதை வேறு. ரா ஃபார்மட்டில் அது வெறும் எண், பிறகு மாற்றிக்கொள்ளலாம். வம்பு எங்கே வருகிறது என்றால், முகத்தின் ஒரு பாதியில் 5600 கெல்வின் பகல் வெளிச்சம் (நீலம் சாய்ந்தது), மறுபாதியில் 3200 கெல்வின் விளக்கு (மஞ்சள் சாய்ந்தது). வேண்டுமென்றே வைத்தால் அழகு. தெரியாமல் விழுந்தால், தலை திரும்பத் திரும்ப மாஸ்க்கும் நகர வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேம் வீதம், ஐந்து விநாடி ஷாட் என்றாலே 120 ஃபிரேம். விளக்கில் ஒரு நீல ஜெல் மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஃப்ளிக்கரும், அதாவது படத்தில் விளக்கு வெளிச்சம் துடிப்பதும் அப்படித்தான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், 24 ஃபிரேமுக்கு ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்கும் என்பதைத் தீர்மானிப்பது) 172.8 டிகிரியில் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 144. மலிவான எல்.இ.டி.யை டிம் செய்தால் இந்தக் கணக்கும் பொய்த்துப்போகும். டிம் செய்த நிலையிலேயே ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். முகத்தின் மேல் பட்டை பட்டையாக ஓடினால், மென்பொருள் முழுசாகத் துடைத்துத் தராது.

அதிகம் சொதப்புவது கிரீன் மேட்டில், அதாவது பிறகு வேறு பின்னணி சேர்ப்பதற்காக ஆளுக்குப் பின்னால் கட்டும் பச்சைத் திரையில். ஆளை மேட்டை ஒட்டி நிற்கவைத்தால் தோளிலும் கன்னத்திலும் பச்சை ஏறிவிடும். குறைந்தது இரண்டு, மூன்று மீட்டர் முன்னால் நிறுத்துங்கள். மேட்டுக்குத் தனி விளக்கு வேண்டும். மூலைக்கு மூலை வெளிச்சத்தில் அரை ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் கூடாது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). கேமரா அசைவைக் கணக்கிட மேட்டில் ஒட்டும் டிராக்கிங் மார்க்கை ஆளின் முடிக்குப் பின்னால் ஒட்டாதீர்கள். 8 பிட், 4:2:0 பதிவு வேண்டாம்: அதில் நிற விவரம் நீளத்திலும் உயரத்திலும் பாதிதான் பதிவாகிறது, அதனால் முடி ஓரம் படிக்கட்டாக வெட்டுப்படும். கேமராவில் ஷார்ப்னஸைக் குறையுங்கள். அது கூடினால் முடியைச் சுற்றி ஒரு கோடு விழுந்துவிடும்.

விஎஃப்எக்ஸ் ஷாட் (பிறகு கணினியில் காட்சியை மாற்ற வேண்டிய ஷாட்) ஓகே ஆனதும், கேமராவை அசைக்காமல், ஆள் இல்லாத ஃபிரேமைப் பத்து விநாடி ஓடவிடுங்கள். கயிற்றையோ ஸ்டாண்டையோ அழிக்க அந்த கிளீன் பிளேட்தான் கைகொடுக்கும். லென்ஸ், கேமரா உயரம், சாய்வு, ஆளுக்கும் கேமராவுக்கும் உள்ள தூரம் எல்லாவற்றையும் கேமரா ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். விளக்கை இறக்குவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்.